அடக்கிய மூச்சு

அன்று காலை ஏழு இருபதுக்கு லிஃப்ட் ஓடவில்லை. நான்கு மாடி ஏறினேன். மேலே வந்த பிறகுதான் மூக்குக்கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. இறங்கி, எடுத்துக்கொண்டு, மறுபடி ஏறினேன். ஐம்பத்தெட்டு வயதுக்கு இது கொஞ்சம் அதிகம். சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாக எழுதச் சொன்னீர்கள். வரிசை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் மயக்க மருத்துவன். இருபத்தாறு ஆண்டுகளாக நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறேன். தசைகளைத் தளர்த்த மருந்து கொடுத்த பிறகு அவரால் தானாக மூச்சு விட முடியாது. தொண்டைக்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரில் மாட்டுவோம். கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு கறுப்புத் துருத்தி ஏறி இறங்கும். ஒரு முறை இறங்கினால் ஒரு மூச்சு. நிமிடத்துக்குப் பன்னிரண்டு. எவ்வளவு காற்று, என்ன அழுத்தம், அதில் ஆக்ஸிஜன் எத்தனை பங்கு என்பதை நான் வைப்பேன். பருத்தவருக்கு ஒரு மாதிரி, புகை பிடிப்பவருக்கு வேறு மாதிரி. சரியாக வைத்தால் நான் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. சரியாக வைத்திருக்கிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம்.

உங்கள் விசாரணைக் குழுவின் அறிக்கை இப்படிச் சொல்கிறது: அறுவை நடுவில் வென்டிலேட்டர் நின்றுபோனது, அலாரம் ஒலிக்கவில்லை, அலாரத்தைச் சோதிக்காமலேயே சோதித்ததாக டெக்னீஷியன் காலையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். வரும் திங்கட்கிழமை நிரந்தரமாக அனுப்பிவிடுவீர்கள். அதன் பிறகு எந்த மருத்துவமனையும் அவரைச் சேர்க்காது. அந்த அறிக்கைக்கு ஆதாரம் நான் கொடுத்த வாக்குமூலம். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

முதலில் வழக்கமாக என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

எங்கள் சர்ஜன் பித்தப்பைக் கற்களை எடுப்பவர். நல்ல கை. பொறாமை இல்லாமல்தான் சொல்கிறேன். பித்தக்குழாய்க்குள் கல் தங்கியிருக்கிறதா என்று பார்க்க, வயிறு திறந்திருக்கும்போதே எக்ஸ்ரே எடுப்பார். அப்போது நெஞ்சு அசையக் கூடாது. அசைந்தால் படம் கலங்கிவிடும். அதனால் "நிறுத்துங்க" என்பார். நான் வென்டிலேட்டரை நிறுத்துவேன். துருத்தி அப்படியே நிற்கும். படம் எடுப்பார்கள். பிறகு அவர் "விடுங்க" என்று சொல்ல வேண்டும். நான் திரும்ப ஓடவிடுவேன்.

அவர் சொல்ல மாட்டார். படம் திரையில் வந்ததும் அதற்குள் போய்விடுவார். எங்கள் தொழிலில் இது புதிதல்ல. நிறுத்திய யந்திரத்தை ஓடவிட மறந்தவர்கள் உண்டு. அதற்காக நான் பயிற்சிக் காலத்திலேயே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யந்திரத்தை நிறுத்தும்போது என் மூச்சையும் நிறுத்திக்கொள்வேன். எனக்கு முட்டும்போது நோயாளிக்கும் மூச்சு வேண்டும் என்று பொருள். கடிகாரம் பார்க்க மறக்கலாம், இதை மறக்க முடியாது. நல்ல வழக்கம். பத்தொன்பது ஆண்டுகள் அந்த சர்ஜனோடு வேலை செய்திருக்கிறேன். ஒரு முறையும் தவறவில்லை.

இந்த வழக்கத்தைக் கவனித்த ஒரே ஆள் டெக்னீஷியன். ஒன்பது ஆண்டுகளாக யந்திரத்துக்கு இடப்புறம் நின்றவர். நான் மூச்சை அடக்கினால் என் மாஸ்க் அசையாது என்பதை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். புதிதாக வந்த நர்ஸிடம் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"படம் எடுக்கிறப்ப நீ வேற எங்கயும் பாக்காத. சாரோட மாஸ்க்கைப் பாரு. அது அசைஞ்சா துருத்தியும் அசையும்."

ஒரே ஒரு முறை, வந்த புதிதில், என் கைக்கு முன்னால் அவர் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தேன். இந்த யந்திரத்தில் என் கையைத் தவிர வேறு கை படக் கூடாது, பட்டால் அடுத்த நாள் வர வேண்டாம் என்றேன். "சரி சார்" என்றார். அதன் பிறகு படம் எடுக்கும் நேரங்களில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டு நிற்பார். எதையும் அவருக்கு இரண்டாவது முறை சொல்ல வேண்டியதில்லை.

சர்ஜன் என்னைத் தாலாட்டு என்று கூப்பிடுவார். "என்ன தாலாட்டு, ஆளு தூங்கியாச்சா?" முதல் சில ஆண்டுகள் சிரித்தேன். பிறகு புன்னகைத்தேன். பிறகு இரண்டையும் விட்டுவிட்டேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மாஸ்க்குக்குப் பின்னால் எல்லா முகமும் ஒன்றுதான்.

சென்ற ஆண்டு என் மூச்சு குறைந்தது. முன்பெல்லாம் எழுபது நொடி தாங்குவேன். அது ஐம்பதானது, நாற்பதானது. ஒரு நாள் அவர் படத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே எனக்கு முட்டிவிட்டது. யந்திரத்தை ஓடவிட்டேன். படம் கலங்கியது.

"என்ன தாலாட்டு, மூச்சு வாங்குதா? படம் நடுங்கிப்போச்சு பாருங்க."

நாற்பது நொடி ஆகிவிட்டது என்றேன்.

"உங்க மூச்சுக்கும் பேஷண்ட் மூச்சுக்கும் என்ன, கூட்டு வியாபாரமா? நிறுத்துங்கன்னா நிறுத்துங்க. விடுங்கன்னா விடுங்க. நடுவுல நீங்க யோசிக்க வேண்டாம்."

நர்ஸ் சிரித்தார். எக்ஸ்ரேக்காரர் சிரித்தார். டெக்னீஷியன் சிரிக்கவில்லை. ஆகட்டும் என்றேன்.

சர்ஜன் சொன்னதில் மருத்துவத் தவறு இல்லை என்பதையும் எழுத வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் சில நிமிடங்கள் முழு ஆக்ஸிஜன் கொடுத்திருந்தால், சாதாரண உடம்பு மூன்று நிமிடம்கூடத் தாங்கும். நாற்பது நொடி என்பது என் அளவு. நோயாளியின் அளவு அல்ல.

எனவே சர்ஜன் சொன்னபடியே செய்யலாம் என்று முடிவு செய்தேன். "விடுங்க" என்று அவர் சொல்லும்வரை காத்திருப்பது. அவ்வளவுதான்.

அடுத்த நோயாளிக்கு எழுபது நொடி காத்திருந்தேன். சர்ஜன் புதிய கார் எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று எக்ஸ்ரேக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "விடுங்க" என்று சொல்லவில்லை. நானே ஓடவிட்டேன். அதற்கடுத்தவருக்கு ஒன்றரை நிமிடம். அப்புறம் ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இப்படி ஆறு பேர். அதிகபட்சம் இரண்டு நிமிடம் நாற்பது நொடி. ஆறு பேரும் நன்றாகவே கண் விழித்தார்கள். ஒரு பெண் இவ்வளவு நல்ல தூக்கம் தூங்கிப் பல வருடம் ஆயிற்று என்றார். எதுவும் ஆகவில்லை என்பதில் எனக்கு ஏமாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். அது இல்லை. சர்ஜன் ஒரு முறை திரும்பிப் பார்த்திருக்கலாம் என்றுதான்.

டெக்னீஷியன் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதால் ஒரு வழி பழகிக்கொண்டேன். மூக்கு வழியாக, மிக மெல்ல, மேல் நெஞ்சால் மட்டும் மூச்சு விட்டால் மாஸ்க் அசையாது. சிரமம்தான். ஆனால் முடியும். நான் இரண்டு நிமிடம் அடக்குவதாக அவர் நம்பினார். ஒரு நாள் கருவிகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சாருக்கு மூச்சு பழையபடி வந்துடுச்சே. தினமும் நடக்கப் போறீங்களா?"

ஆமாம் என்றேன். நல்லது சார், விட்டுடாதீங்க என்றார்.

ஏழாவது ஆள் தையல்காரர். காலை ஏழே முக்காலுக்குக் காத்திருப்பு அறையில் பார்த்தேன். பெரிய உடம்பு. நூற்று நான்கு கிலோ. பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். நாடி பார்க்கக் குனிந்தபோது அவர் என் சட்டைத் தோளை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு விரக்கடை தளர்வு டாக்டர். அவசரத்துல வெட்டியிருக்கான். நான் வீட்டுக்குப் போனதும் குடுத்தனுப்புங்க, பிடிச்சுத் தர்றேன்."

"அப்பா, சும்மா இருங்க," என்றாள் மகள்.

தூக்கத்தில் குறட்டை விடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். அங்கே மூச்சு விடுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றேன்.

"அப்ப எனக்கு அதுலயும் லீவா? கேட்டியா பாப்பா, முப்பது வருஷத்துல முதல் லீவு."

சிரித்தார். வயிறு குலுங்கியது, வலித்தது, நிறுத்திக்கொண்டார். பருத்த உடம்பில் ஆக்ஸிஜன் சேமிப்பு குறைவு. படுத்தால் வயிறு நுரையீரலைத் தள்ளும். மற்றவர் தாங்குவதில் பாதிகூடத் தாங்காது. இதை அவருடைய தாளில் என் கையாலேயே எழுதி, அடிக்கோடும் போட்டேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

முதல் படத்துக்கு முன்னால் ஆக்ஸிஜனை முழுதாகக் கூட்டினேன். நிறுத்தினேன். ஐம்பது நொடியில் நானே ஓடவிட்டேன். அவர் உடம்பை மனத்தில் வைத்துத்தான். இரண்டாவது படத்துக்கும் அப்படியே. பிறகு ஆக்ஸிஜனை வழக்கமான அளவுக்குக் குறைத்துவிட்டேன். சர்ஜன் வயிற்றைத் தைக்கத் தொடங்குவார் என்று நினைத்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ்முனையில ஏதோ நிழல் மாதிரி தெரியுது. இன்னொண்ணு எடுத்துடலாம். நிறுத்துங்க."

ஒரு நிமிடம் கொடுங்கள், ஆக்ஸிஜனைக் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூடச் சொல்வார். நடுவில் யோசிக்க வேண்டாம் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. நிறுத்தினேன். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்திரண்டு.

எக்ஸ்ரே எடுக்கும்போது ஈயம் வைத்த கோட்டுப் போட்டுக்கொள்வோம். ஏழு கிலோ இருக்கும். தோள் இரண்டும் இற்றுப்போகும். அந்தக் கோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

அலாரம் அடித்தது. முதல் அடியிலேயே பொத்தானை அழுத்தினேன். அழுத்தினால் இரண்டு நிமிடம் பேசாது. படம் எடுக்கும்போது எப்போதும் செய்வதுதான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாடித் துடிப்புக்கு ஒரு சத்தம் உண்டு. ஆக்ஸிஜன் குறையக் குறைய அதன் சுரம் இறங்கும். அந்தக் குருவியை வாயை மூடச் சொல்லுங்க என்று சர்ஜன் சொல்லி, பல மாதம் முன்பே அதைக் குறைத்து வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கேட்கும். எனக்குக் கேட்டது.

படம் வந்தது. அவரும் எக்ஸ்ரேக்காரரும் குனிந்து பார்த்தார்கள். கல்லா, காற்றுக் குமிழா என்று பேச்சு. கல் என்றார் சர்ஜன். குமிழ் என்றார் எக்ஸ்ரேக்காரர். இரண்டாவது நிமிடத்தில் அலாரம் மறுபடி வாயெடுத்தது. அழுத்தினேன். என் பக்கத்து மானிட்டரில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு எழுபத்தெட்டு. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய எண். மூன்றாவது நிமிடத்தில் ஐம்பத்தைந்து. அப்போது சர்ஜன் குமிழ்தான் என்று ஒப்புக்கொண்டு, வயிற்றுக்குத் திரும்பியிருந்தார்.

"ரத்தம் ஏன் இப்படிக் கறுத்திருக்கு?"

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. காயத்தைப் பார்த்துச் சொன்னார். அது ஒரு கவனிப்பு, கட்டளை அல்ல. இதை நான் அப்போதே யோசித்துப் பார்த்தேன். பக்கத்தில் வந்துவிட்டார், இன்னும் சில நொடியில் சொல்லிவிடுவார் என்று தோன்றியது. அவருக்கு நேரம் கொடுத்தேன். நான்காவது நிமிடத்தில் பொத்தானை மூன்றாவது முறை அழுத்தினேன். நாடி அறுபதானது, நாற்பதானது. ஒன்பது ஐம்பத்தேழுக்கு நானே யந்திரத்தை ஓடவிட்டேன்.

அவர் சொல்லவில்லை. உங்கள் புதிய அறிக்கையில் இந்த ஒன்று மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கடைசிவரை அவர் சொல்லவில்லை.

அதன் பிறகு இதயம் நின்றது. எல்லோரும் நன்றாகவே வேலை செய்தார்கள். சர்ஜன் நெஞ்சை அழுத்தினார். நான் மருந்து கொடுத்தேன். டெக்னீஷியன் ஓடிப்போய் ஷாக் கொடுக்கும் பெட்டியைக் கொண்டுவந்தார். பதினோரு நிமிடத்தில் இதயம் திரும்பியது. தையல்காரர் திரும்பவில்லை. இறக்கும்வரை ஒன்பது நாள் மேல்மாடியில் வென்டிலேட்டரில் இருந்தார். தினமும் காலையில் போய் அதன் அளவுகளை நான்தான் பார்த்தேன். மிகச் சரியாக வைத்திருந்தேன். அது ஒரு நொடியும் நிற்கவில்லை.

என்ன நடந்தது என்று மகள் ஒவ்வொரு நாளும் கேட்டாள். யந்திரம் சதி செய்துவிட்டது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். நான்காவது நாள், நான் கிளம்பும்போது, என் தோளைப் பார்த்தாள். "உள்ள போறப்பக்கூட உங்க சட்டையைப் பத்தித்தான் சொல்லிட்டிருந்தார்," என்றாள். அந்தச் சட்டையை அதன் பிறகு போடவில்லை.

உங்கள் முன்னால் நான் சொன்னது இது: படம் எடுத்ததும் சுவிட்சைப் போட்டேன், யந்திரம் ஓடவில்லை, அலாரம் ஒலிக்கவில்லை, அதனால் கவனிக்கத் தாமதமானது. அலாரம் பற்றிய பகுதி முழுப் பொய்யல்ல. அலாரம் ஒலிக்கவில்லை. ஒலிக்காமல் செய்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. பழைய யந்திரம். எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது.

டெக்னீஷியனைக் கேட்டீர்கள். "காலையில அடிச்சுது சார். ரெண்டு தடவை அடிச்சுப் பார்த்தேன்," என்றார். ஆதாரம் கேட்டீர்கள். அவரிடம் இருந்தது அவர் கையெழுத்துதான். அதையே அவருக்கு எதிராக வைத்தீர்கள். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று உங்களில் ஒருவர் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் என் முன்னால் இருந்த தாள்களின் ஓரங்களை ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். "இல்ல சார்," என்றார்.

சர்ஜன் இப்போது என்னைத் தாலாட்டு என்று கூப்பிடுவதில்லை. சார் என்கிறார். படம் எடுத்ததும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, மறக்காமல் "விடுங்க" என்கிறார். ஒவ்வொரு முறையும். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதியாக வேண்டும்.

அவர் அப்படிச் சொல்லத் தொடங்கிய பிறகு நான் மூச்சை அடக்க வேண்டிய தேவை இல்லை. வீட்டில் ஒரு நாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அடக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு நொடி. மறுபடி பார்த்தேன். பதினொன்று. என்னங்க, முகம் இப்படிச் சிவந்து கிடக்கு என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். இப்போது மாடி ஏறினால் ஒவ்வொரு தளத்திலும் நிற்க வேண்டியிருக்கிறது. லிஃப்ட் ஓடுகிற நாளிலும் அசதிதான். டெக்னீஷியனைக் காப்பாற்றுவதற்காக இதை எழுதுகிறேன் என்று நீங்கள் வைத்துக்கொள்ளலாம். அசதியில் எழுதுகிறேன் என்றாலும் தவறில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பீர்கள். மன்னித்தும் இருப்பீர்கள். இருபத்தாறு ஆண்டில் ஒரு மறதி. இந்தத் தாளை எடுத்தபோது அப்படித்தான் எழுத நினைத்தேன். எழுத முடியாததற்குக் காரணம் ஒன்று உண்டு.

அந்த ஐந்து நிமிடத்தில் சர்ஜன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் யாருமே சொல்லவில்லை என்பது சரியல்ல. இரண்டாவது முறை பொத்தானை அழுத்திய பிறகு. எண் எழுபத்தெட்டில் இருந்தபோது. கையில் இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. இரண்டு முறை நான்கு மாடி ஏறியவன், தோளில் ஏழு கிலோ ஈயம். மூக்கு வழியாக மெல்ல விடும் அந்த மூச்சுக்கு அன்று என்னிடம் தெம்பு இல்லை. எல்லோரையும்போல விட்டுக்கொண்டிருந்தேன். டெக்னீஷியன் அதைப் பார்த்திருக்கிறார். சர்ஜன் காதில் விழக் கூடாது, என் மரியாதை கெடக் கூடாது என்று, பக்கத்தில் வந்து குனிந்தார். சுவிட்ச் அவருக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோர்த்திருந்தன.

"சார், உங்க மாஸ்க் அசையுது."